கவுன்சிலரை எதை வைத்து எடைபோடுவது? டர்பன் வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் கடைசி உள்ளாட்சித் தேர்தல் 2021 நவம்பர் 1 அன்று நடந்தது. கவுன்சிலின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடிந்த 90 நாளுக்குள் மறுதேர்தல் வைத்தாக வேண்டும். அந்தக் கணக்குப்படி 2026 நவம்பர் 2க்கும் 2027 ஜனவரி 31க்கும் நடுவில் ஒருநாள் வாக்குச் சாவடி திறக்கும். போன தடவை பதிவு செய்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. "எல்லாரும் திருடன்தானே, யாருக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது" என்ற பேச்சு சாட்ஸ்வர்த் பஸ்ஸிலும் கேட்கிறது, டோங்காட் கடைத்தெருவிலும் கேட்கிறது. உண்மையாகவே கைவைத்தவனுக்கு இதைவிடச் சௌகரியமான பேச்சு கிடையாது. எல்லாரும் ஒன்று என்றாகிவிட்டால் அவனைத் தனியாக நிறுத்திக் கணக்குக் கேட்க ஆள் இருக்காது.

இங்கே சொல்லப்போவது ஆளைப் பிரித்துப் பார்க்கும் வழி. முதல்முறை வாக்களிக்கப் போகும் பிள்ளைகளையும், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து அண்மையில் குடியுரிமை வாங்கியவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. நிரந்தர வசிப்புரிமை மட்டும் இருந்தால் வாக்கு கிடையாது. ஆனால் வரி கட்டுகிறவர், தண்ணீர் பில் கட்டுகிறவர் யாராக இருந்தாலும் கணக்குக் கேட்கலாம்.

முதல் வேலை: வார்டு எண்

பச்சை அடையாளப் புத்தகமோ ஸ்மார்ட் அட்டையோ இருந்தால் 16 வயதிலேயே பதிவு செய்யலாம். வாக்கு 18ல்தான். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே பதிவை முடித்துவிடலாம். ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க, அடையாள எண்ணை 32810க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் சாவடி விவரம் வரும். தேர்தல் தேதி அரசிதழில் வெளியாகும் அன்றே பதிவு மூடிவிடும் என்பதால், தேதி அறிவிக்கட்டும் பார்க்கலாம் என்று இருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் ஏமாறுகிறார்கள்.

பாராளுமன்றத் தேர்தலில் முடிவதுபோல இதில் வெளியூரில் வாக்களிக்க முடியாது. பதிவு செய்த சாவடியில் மட்டும்தான். ஃபீனிக்ஸிலிருந்து வெருலமுக்கு வீடு மாறிவிட்டுப் பழைய முகவரியிலேயே பதிவை விட்டிருந்தால், உங்கள் தெருவுக்குச் சம்பந்தமில்லாத ஆளைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலுக்கும் முன்பு எல்லை வரையறை வாரியம் வார்டு எல்லைகளை மாற்றிப் போடுகிறது. நீங்கள் வீடு மாறாவிட்டாலும் வார்டு மாறியிருக்கலாம். ஆகவே இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள்: 2021லிருந்து இருந்த வார்டு, இப்போது வரப்போகும் வார்டு. கணக்குக் கேட்க முதல் எண், வாக்களிக்க இரண்டாவது. இதைக் குழப்பிக்கொண்டு ஐந்து வருடக் கோபத்தை முந்தாநாள் வந்த வேட்பாளர்மேல் கொட்டுகிறவர்கள் உண்டு.

யார் கையில் எது

ஒருவர் கையில் இல்லாத வேலைக்காக அவரைத் திட்டினால், தன் வேலையைச் செய்யாததையும் அவர் அந்தச் சந்தடியில் மறைத்துவிடுவார். குழாய்த் தண்ணீர் விநியோகம், சாக்கடை, குப்பை, வீட்டு மின்சார விநியோகம், தெருவிளக்கு, உள்சாலைகள், மழைநீர் வடிகால், மெட்ரோ போலீஸ் ஆகியவை டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சியின் பொறுப்பு. ஆர்.கே.கான் மருத்துவமனையும் பள்ளிக்கூடங்களும் மாகாண அரசுடையவை. தேசிய போலீஸ், உள்துறை அலுவலகம், முதியோர் உதவித்தொகை பிரிட்டோரியாவில் இருக்கும் மத்திய அரசின் கையில். என்-2 நெடுஞ்சாலை தேசியச் சாலை நிறுவனமான சான்ரலுடையது. மின்சாரம் போனால் இரண்டு விதம். தேசிய மின்நிறுவனமான எஸ்கோம் சுற்றுமுறையில் நிறுத்துவது வேறு, உங்கள் தெருவின் துணைநிலையம் எரிந்து மூன்று நாள் இருட்டில் கிடப்பது வேறு. இரண்டாவதுதான் மாநகராட்சியின் கணக்கில் வரும். வீட்டுவசதி இரண்டும் கெட்டான்: பணம் ஒரு பக்கம், வேலை இன்னொரு பக்கம். இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டும்.

காரணத்தையும் பொறுப்பையும் பிரித்துப் பார்ப்பதற்கு டோங்காட்டை எடுத்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அங்கிருந்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்துபோய், ஊர் மாதக்கணக்கில் டேங்கர் லாரியை எதிர்பார்த்து வாளியுடன் நின்றது. வெள்ளத்துக்கு எந்தக் கவுன்சிலரும் பொறுப்பல்ல. பழுதுபார்க்கும் டெண்டர் எத்தனை நாளில் போனது, டேங்கர் எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்கு என்ற பட்டியல் இருந்ததா, டேங்கர் ஒப்பந்தம் எத்தனை முறை நீட்டிக்கப்பட்டது என்பவற்றுக்கு மனிதர்கள் பொறுப்பு. இயற்கை செய்தது ஒரு வாரக் கதை. மிச்ச மாதங்கள் நிர்வாகக் கதை.

கவுன்சிலருக்கும் அதிகாரிக்கும் உள்ள கோடும் முக்கியம். உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, கவுன்சிலர் எந்த டெண்டர் குழுவிலும் உட்காரக் கூடாது என்கிறது. விவரக்குறிப்பு எழுதும் குழு, மதிப்பிடும் குழு, முடிவெடுக்கும் குழு மூன்றிலும் அதிகாரிகள்தான். ஆகவே "உங்களுக்கு டெண்டர் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் கவுன்சிலர் ஒன்று பொய் சொல்கிறார், இல்லை குற்றத்துக்கு உங்களைக் கூட்டுச் சேர்க்கிறார். அவர் செய்ய வேண்டியது பட்ஜெட்டுக்குக் கைதூக்குவது, அறிக்கையைக் கேள்வி கேட்பது, வார்டின் குறையைக் கவுன்சிலுக்குக் கொண்டுபோவது. கையெழுத்துப் போடும் பொறுப்பு நகர மேலாளருக்கு.

மேயரையும் நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. எத்தெக்வினியில் கூட்டு நிர்வாக முறை: பல கட்சிகள் உட்காரும் நிர்வாகக் குழு, அதற்குத் தலைவராக மேயர். 2021ல் 222 இடங்களில் பெரிய கட்சிக்குக் கிடைத்தது 96தான், தனிப்பெரும்பான்மை இல்லை. எனவே "நாங்கள் எதிர்க்கட்சி, எங்களால் என்ன முடியும்" என்று ஒருவர் சொன்னால், அவர் கட்சி நிர்வாகக் குழுவில் உட்கார்ந்ததா, பட்ஜெட்டுக்கு எப்படி வாக்களித்தது என்று கேளுங்கள். குழுவில் நாற்காலி வைத்துக்கொண்டு வெளியே எதிர்க்கட்சி வேஷம் போடுவது இங்கே பழகிப்போன கூத்து.

இரண்டு சீட்டு, ஒரு நுணுக்கம்

டர்பன் போன்ற மெட்ரோ நகரத்தில் இரண்டு வாக்குச் சீட்டு. வார்டுக்கு ஆள் ஒன்று, விகிதாசாரப் பட்டியலுக்குக் கட்சி ஒன்று. மெட்ரோ அல்லாத ஊர்களில் மாவட்டக் கவுன்சிலுக்கு மூன்றாவது சீட்டும் உண்டு.

"ஆளுக்காகத்தான் வார்டில் போட்டேன், கட்சிக்கு இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். கட்சி சார்பில் நிற்பவருக்கு விழும் வார்டு வாக்கும் அந்தக் கட்சியின் மொத்தக் கணக்கில் சேரும். இரண்டு சீட்டின் வாக்குகளையும் கூட்டித்தான் கட்சிக்கு எத்தனை இடம் என்று முடிவாகிறது. வென்ற வார்டுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பட்டியலிலிருந்து நிரப்புவார்கள். நல்ல மனிதர் கெட்ட கட்சியில் நின்றால், அவருக்குப் போடும் வாக்கு பட்டியலில் இருக்கும் இன்னொருவரையும் தோளில் தூக்கிக்கொண்டு போகும். அதனால் பட்டியலைப் படிக்காமல் வார்டு சீட்டைத் தொடாதீர்கள். வேட்பாளர் பட்டியல்களைத் தேர்தல் ஆணையம் வெளியிடுகிறது.

தாள்களும் தேதிகளும்

மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மார்ச் 31க்குள் வரைவு பட்ஜெட் கவுன்சில் மேசைக்கு வர வேண்டும். அதன்பின் ஏப்ரல், மே மாதங்களில் பொதுமக்கள் கருத்துக் கூட்டங்கள். மே 31க்குள் பட்ஜெட் ஒப்புதலுக்கு வர வேண்டும். ஒப்புதலான 28 நாளுக்குள் சேவை வழங்கல் திட்டத்தில் மேயர் கையெழுத்திட வேண்டும். எந்தக் காலாண்டில் எந்த வேலை, எவ்வளவு பணம் என்று வாக்குறுதி எண்ணாக மாறுவது அந்தத் தாளில்தான். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் பளபளவென்று படங்களோடு இருக்கும். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம், சேவை வழங்கல் திட்டத்துக்குப் போய்விடுங்கள்.

ஆகஸ்ட் 31க்குள் ஆண்டுக் கணக்கு தணிக்கைக்குப் போகும். ஜனவரி 25க்குள் அரையாண்டு மதிப்பீடு, ஜனவரி 31க்குள் தணிக்கை அறிக்கையோடு ஆண்டறிக்கை. பிப்ரவரி முடிவுக்குள் திருத்த பட்ஜெட் வரும். வார்டு வேலைகள் காணாமல் போகும் இடம் பெரும்பாலும் இந்தத் திருத்த பட்ஜெட்தான். மே மாதம் கைதட்டலோடு அறிவித்த நடைபாதை பிப்ரவரியில் ஒரு வரியில் பூஜ்ஜியமாகியிருக்கும், யாரும் அறிவிக்க மாட்டார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் வார்டின் வரிகளை மட்டும் ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை.

இவற்றை இணையதளத்தில் போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அங்கே தேடிக் களைத்தால் தேசியக் கருவூலம் நடத்தும் முனிசிபல் மணி தளத்தில் எல்லா மாநகராட்சிகளின் கணக்கும் எளிய வரைபடங்களாகக் கிடைக்கும்.

தணிக்கைச் சொற்களுக்கு உண்மைப் பொருள்

தலைமைத் தணிக்கையர் ஐந்து வகைத் தீர்ப்புச் சொல்வார். மேலே இருப்பது "சுத்தமான தணிக்கை": கணக்கும் சரி, சட்டமும் மீறப்படவில்லை. அடுத்தது "குறிப்புகளுடன் நிபந்தனையற்ற" தீர்ப்பு: எண்கள் நம்பத்தக்கவை, ஆனால் கொள்முதலிலோ செயல்பாட்டு அறிக்கையிலோ மீறல் இருக்கிறது. அதற்குக் கீழே நிபந்தனையுடன், பாதகம், கடைசியாகக் கருத்துச் சொல்ல மறுப்பு. கடைசி வகை என்றால் தணிக்கை செய்யக் காகிதமே இல்லை என்று பொருள். 2022-23 கணக்கில் நாட்டின் 257 உள்ளாட்சிகளில் சுத்தத் தணிக்கை வாங்கியவை 34தான்.

மேயர் "நிபந்தனையற்ற தணிக்கை வாங்கினோம்" என்று பதாகை கட்டினால் அந்தக் "குறிப்புகளுடன்" என்ற சொல்லை விட்டுவிட்டாரா என்று பாருங்கள். சுத்தத் தணிக்கை என்றாலும் தெருவில் தண்ணீர் வருகிறது என்று அர்த்தமில்லை. செலவழித்ததை ஒழுங்காக எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

மூன்று வகைச் செலவை வேறுபடுத்தத் தெரிய வேண்டும். அனுமதியற்ற செலவு பட்ஜெட்டை மீறியது. விதிமீறிய செலவு கொள்முதல் முறையைப் பின்பற்றாதது, பொருள் வந்திருக்கலாம், விலைகூட நியாயமாக இருக்கலாம். வீண் செலவு கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியது: எஸ்கோமுக்குத் தாமதமாகக் கட்டிய வட்டி மாதிரி. செய்தித்தாள் "இத்தனை மில்லியன் விதிமீறிய செலவு" என்று போட்டதும் அவ்வளவும் திருட்டு என்று வாட்ஸாப்பில் பரவுகிறது. அது தவறு. திருட்டு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டிய பணம் அது. விசாரிப்பது கவுன்சிலின் பொதுக்கணக்குக் குழு, இங்கே எல்லாரும் எம்பாக் என்பார்கள். போன வருடத் தொகையில் எவ்வளவு விசாரித்தார்கள், எவ்வளவு திரும்ப வசூலித்தார்கள், எவ்வளவை "தள்ளுபடி" என்று ஒரே கூட்டத்தில் கைதூக்கி முடித்தார்கள்? உங்கள் கவுன்சிலர் அந்தக் கையைத் தூக்கினாரா? ஊழலில் ஒருவர் எங்கே நின்றார் என்பதைக் காட்டும் நேர்மையான அளவுகோல் இதுதான். மேடைப் பேச்சைவிட அந்தக் கூட்டக் குறிப்பு மதிப்புப் பெறும்.

கருவூலத்தின் அளவுகோல்கள்

தேசியக் கருவூலம் தன் 71ஆம் சுற்றறிக்கையில் உள்ளாட்சிகளுக்கு இயல்பு அளவுகளைக் கொடுத்திருக்கிறது. தனிக்கருத்து எதுவும் இதில் இல்லை, எண்களை எதிரே எழுதி ஒப்பிட்டால் போதும்:

தண்ணீர் இழப்பு: 15 முதல் 30 சதவீதம்
மின்சார இழப்பு: 7 முதல் 10
சொத்து மதிப்பில் பராமரிப்புச் செலவு: 8
பில் வசூல்: 95
மொத்தச் செலவில் மூலதன வேலை: 10 முதல் 20
சம்பளச் செலவு: 25 முதல் 40
வெளி ஒப்பந்தச் சேவை: 2 முதல் 5
கையிருப்புப் பணம்: ஒன்று முதல் மூன்று மாதச் செலவுக்கு

எத்தெக்வினியில் விலைக்கு வாங்கிச் சுத்திகரித்த தண்ணீரில் பாதிக்கும் மேல் கட்டணம் இல்லாமல் போகிறது. கசிவு, பழுதான மீட்டர், சட்டவிரோத இணைப்பு எல்லாம் சேர்ந்தது அது. அந்தப் பாதியின் விலையையும் ஒழுங்காகப் பில் கட்டுகிறவர்தான் சுமக்கிறார். பராமரிப்பு 8 சதவீதத்துக்கு எவ்வளவு கீழே என்று அதோடு சேர்த்துப் பாருங்கள். குழாய் மாற்றப் பணம் ஒதுக்காமல் வெடித்த குழாயை ஒட்டிக்கொண்டே போனால் அவசர ஒப்பந்தம் பெருகும். அவசரம் பெருகினால் டெண்டர் விதி தளரும். ஊழலுக்கு நாற்றங்கால் அங்கேதான்.

கையிருப்பு ஒரு மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது வேட்பாளர் புது நீச்சல் குளம் கட்டித் தருவதாகச் சொன்னால் சிரித்துவிட்டு வரலாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். மறுபக்கம், மத்தியிலிருந்து வந்த நிபந்தனை மானியத்தைச் செலவழிக்காமல் திருப்பி அனுப்புவதும் தோல்விதான். "பணத்தை நாங்கள் தொடவே இல்லை" என்பது பாராட்டு அல்ல. வடிகால் கட்ட வந்த பணம் திரும்பிப் போய், மழைக்கு வீடு முழுகினால் அது யார் கணக்கு?

ஒரே ஒரு வேலையைப் பின்தொடருங்கள்

மொத்தத்தையும் பிடிக்கப் பார்த்தால் மூச்சு முட்டும். உங்கள் வார்டில் ஒரு வேலையை மட்டும் எடுங்கள். கற்பனையாக ஒரு சாலை மறுதளம் என்று வைப்போம்.

பட்ஜெட்டில் 6 மில்லியன் ரேண்ட் ஒதுக்கியிருக்கிறார்கள். டெண்டர் 5.8 மில்லியனுக்குப் போயிற்று. முடிவில் கொடுத்தது 7.2 மில்லியன். கூடுதல் 1.4 மில்லியன், அதாவது 24 சதவீதம். கட்டுமான ஒப்பந்தத்தின் தொகையை 20 சதவீதம் வரைதான் சாதாரணமாக நீட்டலாம். மற்றப் பொருள், சேவைகளுக்கு 15. இங்கே எல்லை 1.16 மில்லியன். அதைத் தாண்டியதால் காரணத்தைக் கவுன்சில் முன் வைத்து, பொதுமக்களுக்கும் அறிவித்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு எங்கே? இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டாலே பதிலின் தொனி மாறிவிடும்.

பிறகு சாலைக்குப் போங்கள். வரைபடச் செயலியில் நீளத்தை அளந்து ஒப்பந்த நீளத்தோடு ஒப்பிடுங்கள். குழி அடைத்திருந்தால் ஓரத்தைப் பாருங்கள். ஒழுங்கான ஒட்டு சதுரமாக, செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கும். உள்ளே பெருக்கி, தார் பூச்சுத் தடவி, அடுக்கடுக்காக இடித்து இறுக்கியிருப்பார்கள். ஒழுங்கற்றது தோசைபோல வட்டமாக, ஓரம் மெலிந்து, தண்ணீர் நின்ற குழியிலேயே கொட்டிக் காலால் மிதித்ததாக இருக்கும். முதல் மழைக்குப் பெயரும். அதே குழியை ஆறு மாதத்தில் மூன்றுமுறை அடைத்திருந்தால் மூன்று தடவையும் யாருக்கோ காசு போயிருக்கிறது. தேதியோடு படமெடுத்து வையுங்கள், ஓடும் வண்டிக்கு நடுவில் நின்று மட்டும் எடுக்க வேண்டாம்.

கசிவு, இருட்டு, குப்பை எதற்குப் புகார் செய்தாலும் குறிப்பு எண் கொடுப்பார்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி போதும்: தேதி, குறிப்பு எண், சரிசெய்த தேதி, மறுபடி பழுதான தேதி. தெருவில் ஐந்து வீடு ஒரு வருடம் இப்படி எழுதினால், கூட்டத்தில் "எங்களுக்கு ஒன்றும் செய்வதில்லை" என்று கத்துவதற்குப் பதில், "17 புகார், சராசரி 22 நாள்" என்று சொல்லலாம். கத்துகிறவரை உட்காரச் சொல்வார்கள், எண் சொல்கிறவரை அப்படி உட்கார வைக்க முடியாது. பில்லிலும் பாருங்கள்: மீட்டர் வாசிப்பு உண்மையானதா, மதிப்பீடா? மாதக்கணக்கில் மதிப்பீடாகவே வந்தால் மீட்டர் வாசிக்கும் ஒப்பந்தத்துக்குப் போகும் பணத்துக்கு வேலை நடக்கவில்லை.

எங்கே மோப்பம் பிடிப்பது

10 மில்லியனுக்கு மேற்பட்ட டெண்டரும் நீண்டகால ஒப்பந்தமும் 30 நாளாவது விளம்பரத்தில் இருக்க வேண்டும், மற்றப் போட்டி டெண்டர் 14 நாள். அவசரம் என்று நாளைக் குறைத்திருந்தால் காரணம் பதிவாகியிருக்க வேண்டும். உள்ளாட்சிக் கொள்முதல் விதிகளில் 36ஆம் விதிப்படி டெண்டரே இல்லாமல் கொடுத்தால் அடுத்த கவுன்சில் கூட்டத்தில் அறிவித்து, ஆண்டுக் கணக்கின் குறிப்பிலும் போட வேண்டும். அந்தக் குறிப்பைத் திறந்து ஒரே பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் "திடீரென்று" தீரும் ஒப்பந்தம் அவசரம் அல்ல. திட்டமிடவில்லை, அல்லது திட்டமிட்டுத்தான் விட்டார்கள்.

அதே கணக்கில் 45ஆம் விதியின்கீழ் இன்னொரு குறிப்பு இருக்கும். அரசுப் பணியில் இருப்பவரின் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோருக்கு 2,000 ரேண்டுக்கு மேல் கொடுத்த ஒப்பந்தங்கள் அங்கே வெளிப்பட வேண்டும். வெளிப்படுத்தியது குற்றமில்லை. ஊருக்கே தெரிந்த உறவு அங்கே எழுதப்படாமல் இருப்பதுதான் கேள்வி.

கோயில் பந்தலும் நம்ம ஆளும்

தைப்பூசக் காவடிக்கும் மாரியம்மன் கூழ் பூசைக்கும் வேட்பாளர்கள் தவறாமல் வருவார்கள். பொன்னாடை வாங்கிக்கொண்டு, பந்தலோ தண்ணீர்த் தொட்டியோ தந்ததாக ஒலிபெருக்கியில் சொல்ல வைப்பார்கள். பந்தியில் பரிமாறுகிறவன் தெரிந்தவனாக இருந்தால் கடைசிப் பந்திக்கும் கவலையில்லை என்ற கணக்கில் நாமும் மகிழ்ந்துவிடுகிறோம். தொட்டி அவர் சொந்தக் காசா, மாநகராட்சி மானியமா என்று கோயில் கமிட்டி கேட்டுச் சொல்ல வேண்டும். மானியம் என்றால் அது உங்கள் வரிதான், அதை வாங்கித் தந்ததற்கு ஒரு மதிப்பெண் போடலாம், வள்ளலாக்க வேண்டாம். அந்தப் பந்தலுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் சாக்கடை பொங்குகிறதா என்பதுதான் அவர் வேலை.

குற்றச்சாட்டு, வழக்கு, தீர்ப்பு

முன்னாள் மேயர் சண்டிலே குமேடே 2019ல் கைதானார். குப்பை அகற்றும் டெண்டர் தொடர்பான அந்த வழக்கில் பேசப்படும் தொகை சுமார் 320 மில்லியன் ரேண்ட், விசாரணை 2022ல் டர்பன் உயர்நீதிமன்றத்தில் தொடங்கியது. குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார், தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. வாக்காளர் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லவும் தேவையில்லை. கேட்க வேண்டியவை வேறு. அந்த ஒப்பந்தம் நடந்தபோது கவுன்சிலில் யார் கேள்வி கேட்டார்? யார் வாயை மூடிக்கொண்டார்? கைதுக்குப் பின் 2020ல் அவர் மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். அது பட்டியல் வழியே வந்த இடம், அதாவது கட்சியின் முடிவு. பட்டியல் சீட்டில் நீங்கள் எடைபோடுவது இந்த மாதிரி முடிவுகளை.

குற்றத் தண்டனையைப் பொறுத்தவரை சட்டத்தின் தடை மிகக் குறுகியது. அபராதத்துக்கு வாய்ப்பில்லாமல் 12 மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றவர் மட்டும் தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு வரை நிற்க முடியாது. அதற்குக் கீழே இருக்கும் அத்தனையும் வாக்காளர் கையில்தான் விடப்பட்டிருக்கிறது.

எழுதிக் கேட்பது

நடத்தை விதிப்படி கவுன்சிலர் காலாண்டுக்கு ஒருமுறையாவது மக்களிடம் வந்து சொல்ல வேண்டும். தொடர்ச்சியாக மூன்று கட்டாயக் கூட்டங்களுக்கு அனுமதியின்றி வராதவர் பதவி இழக்க வேண்டும். வார்டு கமிட்டியில் கவுன்சிலர் தலைவர், மேலும் 10 பேர் வரை இருக்கலாம். வருகைப் பதிவையும் கமிட்டிக் கூட்டக் குறிப்பையும் முதலில் சாதாரண மின்னஞ்சலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் பெறும் சட்டத்தின் 2ஆம் படிவம், நகர மேலாளருக்கு, 100 ரேண்ட் கட்டணம். 30 நாளில் பதில் வர வேண்டும், ஒருமுறை நீட்டிக்கலாம். மௌனம் என்றால் மறுப்பு என்றே கணக்கு. 60 நாளுக்குள் உள்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 180 நாளுக்குள் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகார்.

பல மனுக்கள் தோற்பது இந்தக் காரணத்தால்: "எங்கள் வார்டின் எல்லாச் செலவும் தருக" என்று எழுதுவது. ஒப்பந்த எண், நிதியாண்டு போட்டு, பணிமுடிப்புச் சான்றிதழ், பணம் கொடுத்த சான்றிதழ்கள், ஒப்பந்த மாற்ற உத்தரவு என்று மூன்றே தாளைக் கேளுங்கள்.

முறைகேடு என்று நம்பக் காரணம் இருந்தால் பொதுப் பாதுகாவலரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம், 0800 11 20 40, நடந்த இரண்டு வருடத்துக்குள். அவர் விதிக்கும் தீர்வு வெறும் ஆலோசனை அல்ல, கட்டுப்படுத்தும் என்று 2016 மார்ச் 31 அன்று, அப்போதைய அதிபர் ஜூமாவின் வீட்டுச் செலவு பற்றிய இங்காண்ட்லா வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேசிய ஊழல் எதிர்ப்பு எண் 0800 701 701, பெயர் சொல்லாமலும் பேசலாம்.

அந்தக் கடைசி வசதியை அலட்சியமாக எடுக்காதீர்கள். கௌடெங் மாகாணச் சுகாதாரத் துறையின் பணப்பட்டுவாடாவில் சந்தேகம் எழுப்பிய அதிகாரி பபிதா தேவகரன் 2021 ஆகஸ்ட் 23 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார். பொதுவெளியில் கிடைக்கும் தாளை வைத்துக் கூட்டத்தில் கேள்வி கேட்பது ஒன்று. உள்ளே வேலை செய்துகொண்டு காகிதத்தை வெளியே எடுப்பது வேறு. இரண்டாவதில் இருப்பவர் 2000ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வெளிப்பாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முதலில் பேச வேண்டும், குடும்ப வாட்ஸாப் குழுவில் அல்ல. நீங்கள் அப்படி ஒருவரிடமிருந்து தாள் பெற்றால் படத்தை அப்படியே பரப்பாதீர்கள். ஓரத்தில் இருக்கும் அச்சு நேரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சாவடியில்

இரண்டு சீட்டிலும் ஒவ்வொரு கட்டத்தில் மட்டும் குறி. பெயரோ கையெழுத்தோ எழுதினால் செல்லாமல் போகும். தெரு நோட்டும் கைத்தூக்கல் கணக்கும் ஒரே ஆளைக் காட்டினால் சுலபம். வார்டு ஆள் உழைத்திருக்கிறார், ஆனால் கட்சி எம்பாக்கில் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தது என்றால், வார்டு வாக்கு அந்தக் கட்சிக்கும் சேரும் என்பதை நினைத்துப் பார்த்து, பட்டியல் சீட்டை வேறு பக்கம் போடலாமா என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

முடிவுகள் வந்த கொஞ்ச நாளில் அரையாண்டு மதிப்பீடும் ஆண்டறிக்கையும் மேசைக்கு வரும். புதுக் கவுன்சில் படிக்கப்போவது பழைய கவுன்சிலின் கணக்கை. கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் உட்கார இடம் உண்டு. உங்கள் வாக்கால் போனவர் அந்த அறிக்கையைப் பிரித்தாரா, பிரிக்காமலே கைதூக்கினாரா என்று அங்கேயே தெரிந்துவிடும்.